வீட்டில் லைட் டியூட்டி கிடையாது

முடக்குவாதம் உள்ள ஒரு பெண் மாற்றுத்திறனாளியா இல்லையா என்பதை நம் நாட்டில் ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண் 40. மருத்துவர் 40 விழுக்காடு என்று எழுதினால் அவள் ஓய்வூதியம் கேட்டு மனுப் போடலாம், வேலையில் இட ஒதுக்கீடு கேட்கலாம். 39 என்று எழுதினால் ஓர் அட்டை மட்டும் கிடைக்கும். யுடிஐடி என்று சொல்லப்படும் அந்தத் தனித்துவ அடையாள அட்டையில் நிறக்கோடு ஒன்று இருக்கும். 40-க்குக் கீழே என்றால் வெள்ளை, 40-இலிருந்து 80-க்குள் என்றால் மஞ்சள், அதற்கு மேலே நீலம். என் அட்டை வெள்ளை. அதில் 32 என்று எழுதியிருக்கிறது.

நான் இங்கே சொல்ல வருவது என் எட்டு விழுக்காட்டுக் குறையை அல்ல. இந்த அளவுகோல் யாருடைய உடலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்கிறேன். விபத்தில் உறுப்பை இழந்த உடலை அது அளக்கும். நோயால் நாள்தோறும் தேயும் உடலை அளக்க அதற்குத் தெரியாது. அதைவிட மோசம், பெண் வலியோடு செய்துமுடிக்கும் வீட்டு வேலையை அவள் நன்றாக இருப்பதற்கான சாட்சியாக அது எடுத்துக்கொள்கிறது. இப்படி ஓர் அளவுகோலை நடுநிலையானது என்று நாம் ஏற்கக் கூடாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா.வின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டதன் தொடர்ச்சி அது. அதன் இரண்டாவது பிரிவு மாற்றுத்திறனாளி யார் என்று சொல்கிறது. உடலிலோ மனதிலோ அறிவிலோ புலனிலோ நீண்டகாலக் குறைபாடு உள்ளவர். சுற்றியுள்ள தடைகளும் அந்தக் குறைபாடும் சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க விடாமல் செய்யப்பட்டவர். இந்த வரையறையில் எண்ணே இல்லை. உடலில் மட்டும் குறை தேடாமல் தடைகளையும் பார்க்கச் சொல்கிற வரையறை இது. ஆனால் அதே பிரிவில் பக்கத்திலேயே இன்னொரு வரையறை இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர் என்று அது ஒரு வேலி போடுகிறது. உயர்கல்வி இடம், வேலை ஒதுக்கீடு, பெரும்பாலான உதவித்தொகைகள் எல்லாம் அந்த வேலிக்கு உள்ளே இருக்கின்றன. முதல் வரையறை மேடைப் பேச்சுக்கு, இரண்டாவது வரையறை கவுன்ட்டருக்கு என்று ஆகிவிட்டது.

சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. முடக்குவாதம் என்ற பெயர் அதில் இல்லை. அதனால் எங்களைக் கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோய் அளக்கிறார்கள். அளக்கும் முறையின் வேர் 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. 2018 ஜனவரியில் புதிதாக வெளியிட்டார்கள், 2024 மார்ச்சில் மறுபடியும் திருத்தினார்கள். ஆனாலும் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிப் போடுகிற அடிப்படை அப்படியே இருக்கிறது.

அந்தப் படிவத்தைப் பெண்கள் எல்லோரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். கைக்கென்று பத்துச் செயல்கள் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 9 விழுக்காடு. தலைக்கு மேலே ஒரு பொருளைத் தூக்கி வைப்பது, மூக்கைத் தொடுவது, கையால் சாப்பிடுவது, தலைவாரிப் பின்னுவது, சட்டை போடுவது, கால் கழுவுவது, தண்ணீர் குடிப்பது, பொத்தான் போடுவது, நாடாவோ வேட்டியோ கட்டுவது, எழுதுவது. காலுக்கு, சம்மணமிட்டு உட்கார்வது, குந்துவது, படியேறுவது போன்றவை. பட்டியலைப் பார்த்தால் நம் வாழ்க்கையை அறிந்தவர்கள் எழுதியது மாதிரித்தான் தெரியும். தலை பின்னுவதுகூட இருக்கிறதே என்று நானும் முதலில் மகிழ்ந்தேன்.

கூர்ந்து பாருங்கள். இந்தப் பத்தும் ஒருவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வதற்கான செயல்கள். தன் சட்டை, தன் சாப்பாடு, தன் கூந்தல். ஒரு வீட்டில் பெண்ணின் கை தனக்காகச் செய்யும் வேலை எவ்வளவு, மற்றவர்களுக்காகச் செய்யும் வேலை எவ்வளவு? நாலு பேர் துணியைப் பிழிவது, நிறைகுடத்தைத் தூக்குவது, மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, குக்கர் மூடியைத் திருகுவது, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போடுவது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வது. இவற்றில் ஒன்றும் படிவத்தில் கிடையாது. அதோடு, படிவம் செய்ய முடிகிறதா என்று கேட்கிறது. எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில், செய்தபின் அந்தக் கை என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. ஒரு பொத்தானைப் போட்டுக் காட்டினால் பொத்தான் போட முடியும் என்று அர்த்தம். மூன்று பிள்ளைகளின் சீருடைக்குப் பொத்தான் போட்டு முடித்தபின் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போவதற்குக் கட்டம் இல்லை.

வலிக்கும் ஒரு கணக்கு உண்டு. 2001 வழிகாட்டியில், காலை அளக்கும் பகுதியில், இயக்கத்தையே கெடுக்கும் கடும் வலிக்குக் கூடுதலாக 9 புள்ளி தரலாம் என்று இருக்கிறது. மிதமான வலிக்கு 6, லேசான வலிக்கு 3. வலி, கோணல், உணர்ச்சிக் குறைவு எல்லாம் சேர்ந்தாலும் 10-ஐத் தாண்டக் கூடாது. கால் குட்டையாவதற்கு மட்டும் தனிக் கணக்கு. முடக்குவாதம் என்றால் வலியும் சோர்வும்தான் நோயின் பெரும்பகுதி. அந்தப் பெரும்பகுதிக்கு ஓரத்தில் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். சோர்வுக்கு இடமே இல்லை.

அடுத்தது நேரம். முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் விறைத்திருக்கிறது என்பது. ஒரு மணி நேரம், அதற்கு மேலும் போகும். விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடுகள் ஷிப்டு கணக்கில் எழுகின்றன. முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்கு விடியுமுன் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். அது முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆக, வீட்டில் வேலை மிகக் கனமாக இருக்கும் நேரமும் நோய் மிகக் கடுமையாக இருக்கும் நேரமும் ஒன்று. எல்லா ஊரிலும் பெண்களுக்கு இதே கதைதான், இங்கே அது சைரனோடு சேர்ந்து வருகிறது.

முகாமில் என் முறை வந்தபோது மணி பதினொன்றரை. விரல்கள் இளகியிருந்தன. மடக்கச் சொன்னார், மடக்கினேன். நீட்டச் சொன்னார், முக்கால்வாசி நீண்டது. பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.

"வீட்டு வேலையெல்லாம் யாரும்மா செய்றாங்க?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன?"

அந்த மருத்துவர்மீது எனக்குக் கோபம் இல்லை. வரிசை வாசல்வரை நின்றது, அவர் கையில் இருந்த படிவம் அதைத்தான் கேட்டது. ஆனால் அந்த "அப்புறம் என்ன" என்ற கேள்வியை நான் விடப்போவதில்லை. வேறு யார் செய்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்கவில்லை. நான் 18 ஆண்டுகள் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துச் சம்பாதித்தவள், கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் அந்தத் தொழிலை விட்டவள். அதையும் அவர் கேட்கவில்லை. கூலி வந்த வேலை என் கையைவிட்டுப் போனது கணக்கில் வரவில்லை. கூலி இல்லாத வேலையை நான் விடாமல் செய்வது மட்டும் கணக்கில் வந்தது, அதுவும் எனக்கு எதிராக.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-இல் நிறுவனம் வந்தது, 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதற்குப் பிறகு எழுந்த ஊர் இது. வட்டம் வட்டமாகப் பிரித்து, குவார்ட்டர்ஸ் கட்டி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் வைத்தார்கள். அத்தனையும் ஷிப்டுக்குப் போகிற உடலை நிமிர்த்தி வைக்க எழுந்தவை. அந்த உடல் பெரும்பாலும் ஆணின் உடல். பெண் அந்தக் கணக்கில் சார்ந்திருப்பவள் என்ற சொல்லுக்குள் வருகிறாள். அவள் மருந்துச் சீட்டும் வீட்டுச் சாவியும் புருஷனின் வேலையோடு கட்டப்பட்டவை. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

இழப்பீடு என்றாலே எங்களுக்கு விபத்துதான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அந்த நாட்களை இந்த ஊர் மறக்காது. விபத்துக்குத் தேதி இருக்கிறது, சாட்சி இருக்கிறது, கேட்டு நிற்கச் சங்கம் இருக்கிறது. சட்டமும் அப்படித்தான் பிறந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. துண்டாகிப் போன விரலுக்கு எண் போடப் பழகிய மனம்தான் இன்றும் குறைபாட்டை அளக்கிறது. என் பத்து விரலும் என்னிடமே இருக்கின்றன. அவை வேலைக்கு ஆகாமல் போவதற்குத் தேதியும் இல்லை, சாட்சியும் இல்லை.

சட்டம் தரும் பாதுகாப்பிலும் இதே பாகுபாடு ஓடுகிறது. 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு நல்ல பிரிவு. பொதுத்துறை நிறுவனம் உட்பட அரசு நிறுவனங்களில் பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பார்த்த வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் தனியாக ஓர் இடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளியின் முழங்கால் தேய்ந்துவிட்டால் இந்தப் பிரிவைக் காட்டி அவர் வேறு வேலை கேட்கலாம். லைட் டியூட்டி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்குகிற, தோட்டம் பார்க்கிற, பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு முட்டி வீங்கினால்? ஒப்பந்தக்காரர் நாளைக்கு வேறு ஆளைக் கூட்டிவருவார். இது எல்லா ஊர் ஒப்பந்தத்திலும் நடப்பதுதான். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு? வீட்டில் லைட் டியூட்டி கிடையாது. மெடிக்கல் லீவும் கிடையாது.

இப்போது எண்களை எடுத்துக்கொள்வோம், எண்கள்தானே அரசுக்குப் பிடிக்கும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019-இல் உலகில் 1 கோடியே 80 லட்சம் பேர் முடக்குவாதத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெண்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிலும் 60 விழுக்காடு பெண்கள். ஆனால் இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் என்று எண்ணப்பட்ட 2 கோடியே 68 லட்சம் பேரில் ஆண்கள் 56 விழுக்காடு, பெண்கள் 44 விழுக்காடு. ஆண்களுக்கு விபத்து அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெண்ணை அதிகம் பிடிக்கும் நோய்களுக்குக் குறைபாடு என்ற பெயரே தராத ஒரு கணக்கில் பெண்கள் குறைவாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு இன்னொரு எண்ணைத் தருகிறது. கூலியில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலை. ஒருவர் தினமும் ஐந்து மணி நேரம் செய்யும் வேலையைச் செய்ய முடிகிறதா என்று பார்க்காமல் அவருடைய இயலாமையை எப்படி அளப்பது? 2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, இது உதவி அல்ல, பெண்களின் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் சொன்னார்கள். மகிழ்ச்சி. அதே அரசின் மருத்துவ முகாமில் அதே உழைப்பு உழைப்பாகவே தெரிவதில்லை. ஓர் அலுவலகத்தில் உரிமைக்கு ஆதாரமாக இருப்பது பக்கத்து அலுவலகத்தில் தகுதியின்மைக்கு ஆதாரமாகிவிடுகிறது.

இந்த அளவுகோலின் பெரிய அநியாயம் இனிமேல்தான் வருகிறது. முடக்குவாதம் இன்று கட்டுப்படுத்தக்கூடிய நோய். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், கூட வேறு மாத்திரைகள், இடையிடையே ரத்தப் பரிசோதனை என்று விடாமல் பார்த்தால் எலும்பு அரிப்பதையும் விரல் கோணுவதையும் தடுக்கலாம், தள்ளிப்போடலாம். சீக்கிரம் தொடங்கு, கோணல் வருமுன் நிறுத்து என்பதுதான் இன்றைய வைத்தியத்தின் முதல் பாடம். சான்றிதழின் பாடம் நேர்மாறானது. விரல் அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்து, மணிக்கட்டு இறுகிய பிறகு வா, அப்போது எண் ஏறும் என்கிறது. மருந்துக்குப் பணமும் பயணமும் ஓய்வும் தேவைப்படும் காலத்தில் உதவி இல்லை. கை கெட்டபின், மருந்தால் திருப்ப முடியாத கட்டத்தில் உதவி உண்டு. பக்கத்து வட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: "மாத்திரையை நிறுத்தினா அட்டை மஞ்சளாயிடும் போலிருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஓர் அரசுத் திட்டம் ஒரு பெண்ணை அப்படி யோசிக்க வைக்கக் கூடாது.

அப்படியே எண் ஏறினாலும் கிடைப்பது எவ்வளவு? மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடு வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மத்திய அரசு தருவது மாதம் 300 ரூபாய். தமிழக அரசு மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 2023 ஜனவரியில் 1000 ரூபாயிலிருந்து 1500 ஆக்கியது. கடும் பாதிப்பு என்று 75 விழுக்காட்டுக்கு மேல் எழுதினால் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். இந்தத் தொகைக்காகக் கைகள் கெடும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

மூட்டுவலி யாருக்குத்தான் இல்லை, கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பார்கள். முடக்குவாதம் வயதானால் வரும் வலி அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே தாக்கும் நோய் அது. முப்பதிலும் நாற்பதிலும் வருகிறது, சிறுமிகளுக்கு வரும் மூட்டுவாதமும் உண்டு. ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பி, பிறகு எக்ஸ்ரே என்று பார்த்து உறுதிசெய்ய வழி இருக்கிறது. ஒரே ரத்த முடிவை வைத்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் மூட்டுவாத மருத்துவர் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். பொய்யாக நடிக்கக்கூடிய நோய் அல்ல இது.

வலியை எப்படி அளப்பது என்பார்கள். அளக்கிறார்கள். 1980-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவான ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்க மூட்டுவாத மருத்துவர்களிடம் புழங்குகிறது. உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, எட்டி எடுப்பது, பிடிப்பது, வீட்டு வேலையும் வெளிவேலையும் என்று எட்டுத் தலைப்பில் இருபது கேள்விகள். அந்த நாளில் அந்த நிமிடத்தில் எப்படி என்று கேட்காமல் கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். அதை நம் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் ஏற்ப மாற்றி எழுதுவது பெரிய விஞ்ஞானமா?

நோய் ஏறி இறங்குகிறதே, நிரந்தரமாக எப்படிச் சான்று தருவது என்பார்கள். நிரந்தரமாகத் தர வேண்டாம். காலவரம்போடு தற்காலிகச் சான்று தந்து, பிறகு மறுபடி பரிசோதிக்க இப்போதைய நடைமுறையிலேயே இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? பிரிட்டனில் 2013 முதல் இருக்கும் பிப் என்ற உதவித்தொகை நோயின் பெயரைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது என்று 12 செயல்களைப் பார்க்கிறது. ஒரு செயலைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க முறையில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் செய்ய முடியும் என்று பொருள். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வந்தால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலை எப்படி என்று பார்க்க வேண்டும். வீட்டு வருமானத்தைக் கேட்பதில்லை, அதனால் புருஷனின் சம்பளம் மனைவியின் உரிமையைத் தின்பதில்லை. அங்கேயும் நேர்காணலில் அவமானப்பட்டு, மேல்முறையீடு செய்து அலைகிற நோயாளிகள் இருக்கிறார்கள், அது சொர்க்கமில்லை. ஆனாலும் "திரும்பத் திரும்ப" என்ற அந்த ஒரு நிபந்தனை நம் படிவத்தில் இருந்திருந்தால் என் அட்டையின் நிறம் வேறு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் சட்டத்துக்குள்ளேயே வாசல் இருக்கிறது. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், பார்கின்சன், தண்டுவட மரப்பு நோய் எல்லாம் 2016-இல் உள்ளே வந்தன. அவற்றில் பல வெளியே தெரியாதவை, ஏறி இறங்குபவை, ரத்தத்திலும் நரம்பிலும் இருப்பவை. அவர்கள் போராடி வாங்கினார்கள், அது சரியானது. அதே நியாயம் முடக்குவாதத்துக்கும் பொருந்தும். அட்டவணையின் கடைசி வரி, மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்க்கலாம் என்கிறது. நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஓர் அறிவிக்கை போதும்.

நீதிமன்றமும் 40 என்ற வேலியை அசைத்திருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வர், யுபிஎஸ்சி தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். வரையறுத்த அளவுக் குறைபாடு இல்லை என்று மறுத்தார்கள். விகாஷ் குமார் வழக்கு என்று அறியப்படும் அதில் 2021 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமானது. 40 விழுக்காடு என்பது ஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்கு மட்டும். நியாயமான வசதி செய்து கொடுப்பது எல்லா மாற்றுத்திறனாளிக்கும் உரியது, அங்கே எண்ணைக் கேட்கக் கூடாது. இதைப் படிக்கும் மாணவிகளில் விரல் வீங்கித் தேர்வு எழுதத் திணறுகிறவர் இருந்தால் இந்தத் தீர்ப்பின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெள்ளை அட்டை என்றாலும் கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் கேளுங்கள்.

கடைசி மறுப்பு வெளியிலிருந்து வருவதில்லை, நம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. எதற்கு இந்தச் சான்றிதழ், நாலு பேருக்குத் தெரிந்தால் தங்கச்சிக்கு வரன் அமையாது, உன்னையும் நோயாளி என்று ஒதுக்குவார்கள் என்பார்கள். கல்யாணம் ஆகாத பெண்கள் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கிறார்கள். பெண் உடம்புக்கு முடியாதது வெளியே தெரியக் கூடாது, ஆனால் வேலை நிற்கவும் கூடாது என்கிற வீட்டுச் சட்டத்துக்கும், வெளியே தெரியாததை அளக்க மாட்டேன் என்கிற அரசுச் சட்டத்துக்கும் எத்தனை பொருத்தம்! இரண்டையும் சேர்த்துத்தான் நாம் எதிர்க்க வேண்டும். சான்றிதழ் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. 24-ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பை அரசின் கடமையாக வைக்கிறது. குறைபாடுள்ள பெண்களின் பிழைப்புக்கும் அவர்கள் பிள்ளைகளை வளர்ப்பதற்கும் ஆதரவு தர வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது.

முகாமுக்குப் போகிறவர்கள் சில காரியங்கள் செய்யுங்கள். மூட்டுவாத மருத்துவரின் சீட்டு, ரத்த முடிவுகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். ஒரு மாதம் தினமும் காலையில் விறைப்பு எத்தனை நிமிடம், எந்த வேலை முடியவில்லை, யார் செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத முடியாத நாளில் மகனைவிட்டு எழுதச் சொல்லுங்கள். வீங்கிய நாளில் கையைப் போட்டோ எடுத்து வையுங்கள். "வீட்டு வேலை யார் செய்றாங்க" என்று கேட்டால் "நான்தான்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, அப்புறம் எத்தனை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது, வேறு ஆள் இல்லாததால்தான் செய்கிறேன் என்று முழுதாகச் சொல்லுங்கள். கொடுத்த எண் சரியில்லை என்றால் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. நான் போட்டிருக்கிறேன்.

ஆனால் தனித்தனியாகச் சாமர்த்தியமாக நடந்து ஒவ்வொருவரும் எட்டு விழுக்காடு வாங்கிக்கொள்வதோடு இது முடியாது. நாம் கேட்க வேண்டியவை இவை. முடக்குவாதத்தையும் அதுபோன்ற அழற்சி மூட்டு நோய்களையும் அட்டவணையில் தனி வகையாக அறிவியுங்கள். பரிசோதனையில் ஒரு நிமிடத்து மடக்கலை விட்டுவிட்டு ஒரு மாத வாழ்க்கையைப் பாருங்கள். வலி, சோர்வு, விறைப்பு, திரும்பத் திரும்பச் செய்யும் திறன் நான்குக்கும் மதிப்பெண் கொடுங்கள். செயல்களின் பட்டியலில் வீட்டு வேலையையும் பிறரைப் பராமரிக்கும் வேலையையும் சேருங்கள். மருத்துவக் குழுவில் மூட்டுவாத மருத்துவர் ஒருவர் இருக்கட்டும், முடியாத இடத்தில் அவர் தரும் எழுத்துபூர்வக் கருத்தையாவது கட்டாயமாக்குங்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சுரங்கத்துக்குள் தேய்ந்த முழங்காலுக்கு லைட் டியூட்டி கேட்டு நீங்கள் வாயிற்கூட்டம் போட்டிருக்கிறீர்கள், நாங்களும் வந்து நின்றிருக்கிறோம். உங்கள் டிபன் பாக்ஸைக் கட்டித் தேய்ந்த மணிக்கட்டுக்கு அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். அந்தக் கூட்டத்தைப் பதினொன்றரை மணிக்கு வையுங்கள். அப்போதுதான் எங்களால் கையை உயர்த்த முடியும்.